இலையைத் திருப்பாதே

பாலிகஞ்சில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தில் சித்தர் வந்து இறங்கியிருக்கிறார் என்று செய்தி பரவியதும் கொல்கத்தாத் தமிழர்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. சால்ட் லேக்கிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்தார்கள். அலிப்பூர் கோர்ட்டில் வாய்தா வாங்கிக்கொண்டு வந்தார்கள். தமிழ் நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டால் முட்டிவலி என்று சொல்லும் பெரிய மனிதர்கள், இங்கே வாசல் கேட் வரை நீண்ட வரிசையில் செருப்பில்லாமல் நின்றார்கள். சித்தருக்காக நிற்கும்போது முட்டி வலிப்பதில்லை.

வங்காளிகளும் வந்தார்கள். தமிழ் புரியாத குறை அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. புரிந்த நமக்கு மட்டும் என்ன பெரிதாகப் புரிந்துவிட்டது?

சித்தரின் பெயர் நிச்சயானந்தர். கொல்லிமலையில் தவம் இருந்தவர். எத்தனை வருஷம் இருந்தார்? கேட்கக்கூடாது. மலையில் எந்தப் பக்கம் இருந்தார்? அதையும் கேட்கக்கூடாது. நிச்சயானந்தரின் சித்தாந்தத்தில் கொலை, களவு எல்லாம் சில்லறைக் குற்றம். மகாபாவம் ஒன்றே ஒன்றுதான், சந்தேகம். உங்கள் வியாபாரம் படுத்ததா? உங்களுக்குள் எங்கோ சந்தேகம் இருக்கிறது. பெண்ணுக்கு வரன் தட்டிப் போகிறதா? வீட்டில் யாரோ சந்தேகப்படுகிறார்கள். சர்க்கரை ஏறியதா? லட்டு காரணமில்லை, சந்தேகம்தான் காரணம்.

அந்தச் சந்தேகத்தைக் கண்டுபிடிக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். பித்தளைக் கிண்ணத்தில் மஞ்சள் நீர் இருக்கும். பிரதான சீடர் சிவலிங்கம் உங்கள் கையில் ஒரு வெற்றிலை கொடுப்பார். அதை அப்படியே தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டுவிட்டு, கிண்ணத்தில் முக்கிக் கலக்க வேண்டும். விசுவாசியாக இருந்தால் நீர் மஞ்சளாகவே இருக்கும். மனதில் சந்தேகம் இருந்தால் ரத்தமாகச் சிவக்கும். நிபந்தனை ஒன்றுதான். இலையைத் திருப்பிப் பார்க்கக்கூடாது. திருப்பிப் பார்ப்பதே சந்தேகம் அல்லவா!

சிவந்தவர்களுக்குச் சந்தேக நிவர்த்தி பூஜை உண்டு. அதற்குக் கட்டணம் கிடையாது, காணிக்கைதான். கட்டணத்துக்கு ரசீது கேட்பார்கள், காணிக்கைக்குக் கேட்கமாட்டார்கள் என்று சித்தருக்குத் தெரியும். பெண்கள் வளையலைக் கழற்றினார்கள். ஆண்கள் கழற்றாத பெண்களை முறைத்தார்கள்.

இந்தத் திருக்கூட்டத்தின் தலைவி ஜெயலக்ஷ்மி மாமி. துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற சீதாராமனின் மனைவி. சித்தருக்குக் கூடத்தைப் பிடித்துக் கொடுத்தவளும், அவர் வேஷ்டிக்குக் கஞ்சி போடுபவளும் மாமிதான். இன்னொரு பெருமையும் மாமிக்கு உண்டு. இந்த ஊரில் தமிழர் வீட்டுக் கல்யாணம் எதுவானாலும் ஆரத்தி மாமி கைதான். மஞ்சளை நீரில் கரைத்து, சுண்ணாம்பைக் கிள்ளிப் போட்டு விரலால் ஒரு சுற்றுச் சுற்றினால் செக்கச்செவேலென்று தட்டு தகதகக்கும். தினமும் சாயங்காலம் வாசலில் அப்படி ஒரு தட்டுக் கரைத்து, சித்தருக்குச் சுற்றி, தெருமுனையில் கொட்டிவிட்டு உள்ளே வருவாள். உள்ளே யாராவது ஒருவரின் கிண்ணத்தில் மஞ்சள் நீர் சிவக்கும். மாமி வாயைப் பொத்திக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஐயோ, பகவானே! மஞ்சத் தண்ணி எப்படிச் செவந்துது பாருங்கோ!" என்று நடுங்குவாள்.

விரலில் ஆரத்திக் கறை அப்போதும் காய்ந்திருக்காது.

அந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் சுந்தரராஜன் குடியிருந்தார். மத்திய அரசின் தணிக்கை அதிகாரி, மாற்றலாகி இந்த ஊருக்கு வந்தவர். கேள்வி கேட்பதற்கென்றே அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் மனிதர். ஒரு டாக்ஸி பில் வந்தால், மழை நாளில் டாக்ஸியா, மழைக்கு ஆதாரம் உண்டா என்று பைலில் எழுதுவார். கீழ்த்தளக் கூடத்துக்குள் நுழையும்போது மட்டும் அந்த மூளையைச் செருப்போடு சேர்த்து வெளியே விட்டுவிடுவார்.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. அவருடைய மகள் மதுவந்திக்கு வலிப்பு. கல்லூரியில் படிக்கிற பெண். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த வரை வலிப்பு தலைகாட்டவில்லை. ஆனால் எத்தனை காலம் சாப்பிட வேண்டும் என்று டாக்டரைக் கேட்டால் அவர் நிச்சயமாகச் சொல்லவில்லை. நிச்சயானந்தர் நிச்சயமாகச் சொன்னார்.

"மாத்திரை என்பது என்ன? சந்தேகத்தை உருண்டையாக உருட்டியது. என் தீர்த்தமும் அதுவும் ஒரே வயிற்றில் தங்காது. அதைக் கொண்டுவந்து காலடியில் போடு."

அப்படி எல்லோரும் போட்டார்கள். சித்தரின் ஆசனத்துக்கு முன்னால் மாத்திரை அட்டைகள் குவிந்து ஒரு சின்னக் குன்றாகவே இருந்தன. சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, எல்லாம் ஒரே குன்றில் சமத்துவமாகக் கிடந்தன. சுந்தரராஜன் மகளின் மாத்திரைகளையும் அதன்மேல் வைத்துக் கும்பிட்டார்.

அவர் மனைவி ஷியாமளா வரிசையில் நிற்கும்போதே வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. பிரியமாகக் குசலம் விசாரித்த சிவலிங்கத்திடம், "தீர்த்தத்தோட மாத்திரையும் குடுத்துண்டு வந்தா என்ன தப்பு?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா, சாமி சொல்வாரு" என்று சிவலிங்கம் சிரித்தார். அவள் முறை வந்ததும் இலை கொடுத்தார். கிண்ணம் சிவந்தது. கூடமே அவளைத் திரும்பிப் பார்த்தது.

அன்றைக்கு அவளும் பயந்துதான் போனாள். பொய் சொல்வானேன்? விரல் நுனியில் வெள்ளையாக, வழவழவென்று ஏதோ ஒட்டியிருந்தது. பிரசாதச் சந்தனம் என்று நெற்றியில் இட்டுக்கொண்டாள். நெற்றி எரிந்தது. தெய்வ கோபம் என்று நினைத்தாள்.

மாத்திரை நின்றது. கொஞ்ச நாள் ஒன்றும் ஆகவில்லை. சித்தரின் புகழ் சால்ட் லேக்கைத் தாண்டிப் போயிற்று. "பார்த்தியா?" என்றார் சுந்தரராஜன்.

"அப்பா, மாத்திரையை ஹடாத், திடீர்னு நிறுத்தவே கூடாதுன்னு டாக்டர் சொன்னார்ல?" என்றாள் மதுவந்தி.

"கேள்வி கேட்காதேம்மா. கேட்டா பலிக்காது."

அடுத்த நாள் காலை பாலிகஞ்ச் ஸ்டேஷனில், ரயில் உள்ளே வந்துகொண்டிருந்தபோது, மதுவந்தி பிளாட்பாரத்தின் விளிம்பில் விறைத்துச் சாய்ந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றிருந்தது எதிர் வீட்டு மிதாலி. கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் பௌதி, அதாவது அண்ணி. பௌதி பெண்ணின் முதுகுப் பையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் பின்பக்கமாக விழுந்தார்கள். ரயில் வந்து நின்றது. நெற்றியில் தையலோடு பெண் வீட்டுக்கு வந்தாள். உயிரோடு வந்தாள்.

வாசலில் நின்ற சுந்தரராஜனின் முகம் வெளுத்திருந்தது. இப்போதாவது புத்தி வரும் என்றுதானே நினைக்கிறீர்கள்? நம்பிக்கையைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

"உன்னாலதான்" என்றார் மனைவியிடம். "உன் கிண்ணம் செவந்துதே, அப்பவே நினைச்சேன். நீ கேள்வி கேட்காம இருந்திருந்தா போறும், அவ சரியாயிருப்பா."

"ஏன்னா, ஆபீஸ்ல ஒரு டாக்ஸி பில்லுக்கு எத்தனை கேள்வி கேட்கறேள்?"

"அது ஆபீஸ். இது சாமி."

"ஆபீஸ்ல ஏமாந்தா பணம் போகும். இங்க ஏமாந்தா பொண்ணு போயிடுவா."

அதற்குள் ஜெயலக்ஷ்மி மாமி மூச்சு வாங்க மாடியேறி வந்துவிட்டாள்.

"ஷியாமளா, சாமிக்கு எல்லாம் ஞானதிருஷ்டியில தெரிஞ்சு போச்சு. கொழந்தைக்கு ஆனது உன் சந்தேகத்தோட வேலையாம். ஒரே ஒரு பரிகாரம் சொல்லியிருக்கார். இன்னிக்கு சாயங்காலம் ஆரத்தி நீதான் கரைக்கணும். கரைக்கக் கரைக்க உனக்குள்ள இருக்கற கேள்வி எல்லாம் கரைஞ்சு போயிடுமாம்."

ஞானதிருஷ்டியில் தெரிந்தது வாஸ்தவம்தான். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் சிவலிங்கம் வாட்ச்மேனிடம் விசாரித்துவிட்டுப் போனதை மாமி பார்க்கவில்லை.

ஷியாமளா மறுக்கவில்லை. அந்தக் குன்றிலிருந்து மகளின் மாத்திரைகளை எப்படியாவது எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும், கூடத்துக்குள் நுழைய ஒரு சாக்கு வேண்டும். அவளுக்கு இருந்த எண்ணமெல்லாம் அவ்வளவுதான்.

சாயங்காலம் வாசலில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தண்ணீர் ஊற்றினாள். மஞ்சள் போட்டாள். மஞ்சள் நீர். மாமி வைத்துவிட்டுப் போன டப்பாவிலிருந்து சுண்ணாம்பைக் கிள்ளினாள். வெள்ளையாக, வழவழவென்று, அன்றைக்கு ஒட்டிய மாதிரியே விரலில் ஒட்டியது. தட்டில் போட்டுச் சுற்றினாள்.

சிவந்தது.

ஷியாமளா விரலைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். திறந்திருந்த கூடத்தின் கதவு வழியாக, உள்ளே வரிசையாக வைத்திருந்த மஞ்சள் நீர்க் கிண்ணங்களைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, தனியாக உட்கார்ந்து சிரித்தாள். சிரித்து முடிந்ததும் அவளுக்கு அடங்காத கோபம் வந்தது. மகளின் நெற்றித் தையல் ஞாபகத்துக்கு வந்தது.

வாசலில் ஒரு தட்டு, உள்ளே ஒரு கிண்ணம். இரண்டிலும் அதே மஞ்சள், அதே சிவப்பு. வாசலில் நடந்தால் ஆரத்தி, உள்ளே நடந்தால் அற்புதம். நடுவில் ஒரு கதவு இருந்தது, அவ்வளவுதான்.

அவள் கத்தவில்லை. கத்தினால் சந்தேகம் முற்றிவிட்டது என்பார்கள். சித்தர் வந்தார், ஆரத்தி சுற்றினாள், தட்டை வாசலிலேயே வைத்துவிட்டு மதுவந்தியைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு உள்ளே போனாள். துணைக்கு மிதாலி பௌதியும் வந்தாள், மத்தியானம் போட்ட பீடாவை இன்னும் மென்றுகொண்டு.

கூடம் நிரம்பி வழிந்தது. சிவலிங்கம் தட்டில் வெற்றிலையை வலது பக்கம் ஒரு கட்டு, இடது பக்கம் ஒரு கட்டு என்று வைத்திருந்தார். ஜெயலக்ஷ்மி மாமிக்கு வலது கட்டிலிருந்து ஒன்று கொடுத்தார். அடுத்து நின்ற ஷியாமளாவுக்குக் கை தானாக இடது கட்டுக்குப் போயிற்று.

ஷியாமளா இலையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். பிறகு பவ்யமாக மாமி பக்கம் திரும்பினாள்.

"மாமி, நான் மகாபாவி. உங்களைப் போல விசுவாசம் இந்த ஊர்ல யாருக்கு இருக்கு? உங்க கை பட்ட இலையை எனக்குத் தாங்கோ. என்னுதை நீங்க முக்கிக் குடுத்தா என் பாவம் தொலையும்."

மாமி பூரித்துப் போனாள். "அதுக்கென்னடி, எடுத்துக்கோ!"

"அம்மா, அம்மா! இலைய மாத்தக் கூடாதும்மா!" சிவலிங்கம் பாய்ந்தார்.

"ஏன்?" என்றாள் ஷியாமளா.

ஏன் என்பதற்குச் சிவலிங்கம் பதில் தேடுவதற்குள் மாமி ஷியாமளாவின் இலையை வாங்கி முக்கி ஒரு கலக்குக் கலக்கிவிட்டாள்.

கிண்ணம் சிவந்தது.

பக்கத்தில், மாமியின் இலையை முக்கிய ஷியாமளாவின் கிண்ணம் பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. சந்தேகக்காரி விசுவாசியாகிவிட்டாள். விசுவாசிகளின் தலைவி சந்தேகக்காரியாகிவிட்டாள்.

"எனக்கா?" என்றாள் மாமி. "எனக்கா சந்தேகம்?"

சித்தர் கண்ணை மூடிக்கொண்டார். "குழந்தாய், உன் அடிமனத்தில், உனக்கே தெரியாமல்..."

"என் அடிமனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா? உங்க வேஷ்டிக்குக் கஞ்சி போட்டவ நான்! நேத்து மஞ்சளா இருந்தது இன்னிக்கு எப்படிச் செவந்துது?"

அந்தக் கூடத்தில் சித்தரின் முகத்துக்கு நேராகக் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. கேட்டது நாஸ்திகன் இல்லை. கேட்டது மாமியின் கலப்படமில்லாத பக்தி. தனக்குச் சந்தேகம் இல்லை என்பதில் மாமிக்குச் சந்தேகமே இல்லை. அதனால் பொய் சொல்வது கிண்ணமாகத்தான் இருக்க வேண்டும்.

"மாமி, இலையைத் திருப்புங்கோ" என்றாள் ஷியாமளா.

"திருப்பாதே!" சித்தர் ஆசனத்திலிருந்து எழுந்தே விட்டார். "திருப்பினால் குலம் நாசம்!"

மாமி திருப்பினாள்.

இலையின் பின்பக்கம் வெள்ளையாக மிச்சம் இருந்தது. மாமிக்குச் சோதனைச்சாலை வேண்டியிருக்கவில்லை. விரலால் தொட்டாள். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தாள். அந்தக் கைக்கு அது எத்தனை காலத்துப் பழக்கம்!

மிதாலி பௌதி எட்டிப் பார்த்தாள். பீடாவைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "எ தோ சூன்! சுண்ணாம்பு!" என்று கூவினாள்.

"அடப்பாவி!" மாமியின் குரல் வாசல் வரை கேட்டது. "இது ஆரத்தின்னா! ஆரத்தி! வாசல்ல நான் கரைச்சுண்டிருந்ததைத்தான் உள்ள நீ கரைச்சுண்டிருந்தியா? இதைப் பார்த்தா நான் கன்னத்துல போட்டுண்டேன்!"

சீதாராமன் எழுந்து நின்றார். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "இருக்கட்டும், ஷியாமளா. இத்தனை பேரோட பக்தியை இப்படிச் சந்தி சிரிக்கப் பண்ணணுமா?"

"பக்தி உங்களோடது, மாமா. அதை நான் தொடலை. சுண்ணாம்பு அவரோடது."

அப்போதுதான் சுந்தரராஜன் நகர்ந்தார். நேரே போய்ச் சிவலிங்கத்தின் தட்டைப் பிடுங்கினார். வலது கட்டை எடுத்து ஒவ்வொரு இலையாகத் திருப்பினார். சுத்தம். இடது கட்டைத் திருப்பினார். ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பு. ஒன்று விடாமல் திருப்பினார். அரசாங்கம் சம்பளம் கொடுத்து வளர்த்த மூளை, செருப்பு ஸ்டாண்டிலிருந்து ஒருவழியாக உள்ளே வந்துவிட்டது.

"சாமி" என்றார். "உங்களுக்குத்தான் சந்தேகமே கிடையாதே. இந்தக் கட்டுலேர்ந்து ஒரு இலையை எடுத்து நீங்க முக்குங்கோ. மஞ்சளா இருந்தா உங்க கால்ல விழறேன்."

"நான் பரீட்சைகளுக்கு அப்பாற்பட்டவன்."

"நாங்க மட்டும் இப்பாலே இருக்கோமாக்கும்!" மாமி அதற்குமேல் பொறுக்கவில்லை. கையில் இருந்த சுண்ணாம்பைச் சித்தரின் ஆள்காட்டி விரலில் அழுத்தித் தடவி, அந்த விரலை அப்படியே ஒரு புதுக் கிண்ணத்தில் அமுக்கினாள்.

சிவந்தது.

"ஐயய்யோ" என்றாள் மதுவந்தி, நெற்றித் தையலோடு. "சாமிக்கே சாமிமேல சந்தேகம்!"

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு கூடம் முழுக்கச் சிரித்தது. தமிழ் புரிந்தவர்கள், புரியாதவர்களுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிவலிங்கம் அந்தச் சிரிப்புக்கு நடுவில் நழுவப் பார்த்தார். கேட்டில் வாட்ச்மேன் பிடித்துக்கொண்டான். போலீசுக்குச் சொல்லியனுப்பினார்கள். ஜீப் வந்து சித்தரை ஏற்றும்போது மாமி வாசலில் மிச்சமிருந்த ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு போய், "வரச்சே சுத்தினேன், போறச்சேயும் சுத்தறேன், வாங்கிக்கோ" என்று சுற்றிவிட்டுத் தெருமுனையில் கொட்டினாள். அதற்கப்புறம் படியில் உட்கார்ந்து அழுதாள். ஏமாந்தவர்களுக்கு அழ உரிமை உண்டு. ஷியாமளா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

உள்ளே வேறொரு காட்சி நடந்துகொண்டிருந்தது. அந்த மாத்திரைக் குன்றைச் சுற்றி மொத்தக் கூட்டமும் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தது. சர்க்கரைக்காரர்கள் ரத்த அழுத்தத்தைத் தள்ளிவிட்டுத் தேடினார்கள். ரத்த அழுத்தக்காரர்கள் சர்க்கரைக்காரர்களைத் திட்டினார்கள். சித்தருக்கு வளையல் கொடுத்தவர்களுக்கு அதைக்கூடத் தேடத் தோன்றவில்லை. மூட்டுவலிக்காரர்கள் முழங்காலில் நின்றார்கள். எல்லோருக்கும் முன்னால், வெள்ளைச் சட்டை கசங்க, நான்கு காலில் நின்று அட்டை அட்டையாகப் புரட்டிக்கொண்டிருந்தார் சுந்தரராஜன்.

மகளுடையது கிடைத்தது. தூசியைத் தட்டினார். எழுந்து வந்து மதுவந்தியிடம் நீட்டினார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார், அழுகைதான் வந்தது.

மதுவந்தி அட்டையை வாங்கினாள். உடனே வாயில் போடவில்லை. "நிறுத்தினதை மறுபடி எப்படி ஆரம்பிக்கறதுன்னு டாக்டரைக் கேட்டுட்டுத்தான்ப்பா" என்றாள். போனை எடுத்து அங்கேயே கேட்டாள். கேள்வி கேட்டதால் குலம் நாசமாகவில்லை. டாக்டர் பதில் சொன்னார்.

தரையில் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கும் ஒவ்வொருவராகக் கிடைத்தது. கிடைத்தவர்கள் எல்லோரும் தவறாமல் ஒரு காரியம் செய்தார்கள். மாத்திரை அட்டையைப் பின்பக்கமாகத் திருப்பி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் பிடித்து, காலாவதி தேதி தாண்டிவிட்டதா என்று ஒரு எழுத்து விடாமல் பார்த்தார்கள்.

திருப்பிப் பார்க்கத் தெரியாதவர்களா நீங்கள்? டாக்டர் தந்த மாத்திரையைத் திருப்பிப் பார்க்கிற இந்தக் கண், சித்தர் தந்த இலையைத் திருப்பிப் பார்க்க மட்டும் ஏன் ஐயா கூசியது?